அந்தமான் காட்டுப் பாதைகள்

தீவாந்தர சிட்சை என்னும் சொல் நம் பாட்டன்மார் காலத்தில் செவியில் விழுந்த அளவிலேயே உள்ளத்தை நடுங்கச் செய்த சொல். நீதிமன்றத்தில் அத்தீர்ப்பைப் பெற்றவன் கப்பலேறுவான். அவன் மீண்டு வருவான் என்று வீட்டார் எதிர்பார்த்திருப்பதில்லை. வடநாட்டார் அதனையே காலாபானி என்றனர். அச்சொல்லின் நிழல் இன்றும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. உத்தியோகத்தின் பொருட்டு நாங்கள் இத்தீவுகளுக்கு வந்து ஆண்டுகள் பல ஆகியும், ஊரிலிருக்கும் உறவினர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றே: "சிறைச்சாலையைத் தவிர அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?"

காடு இருக்கிறது என்பதே எங்கள் விடை. டெல்லியில் வாழும் நேயர்கள் நகரத்தின் ஊடே ஓடும் குன்றுக் காட்டில் காலை வேளையில் உலவியிருக்கலாம். மும்பையில் வாழ்வோர் போரிவ்லிக் காட்டின் வழியே கன்ஹேரிக் குகைகள்வரை நடந்திருக்கலாம். அவற்றைப் போலவே, போர்ட் பிளேயர் நகரிலிருந்து அரை நாளில் சென்று மீளத்தக்க காட்டுப் பாதைகள் இங்கும் உண்டு. பெண்டிரும் பிள்ளைகளும் அஞ்சாமல் நடக்கக் கூடியவை. புலியோ சிறுத்தையோ கரடியோ இல்லாத காடுகள். நடப்பதற்கு அவை எளியவைதாம். அவை உண்டான வரலாறு மட்டும் எளியதன்று. அப்பாதைகளை முதலில் வெட்டியவர்களில் எவரும் உலாவுவதற்காக அவற்றை வெட்டவில்லை. அவை வெட்டப்படுவதற்கு முன்பு அக்காட்டில் நடந்தவர்களோ இன்று அங்கே இல்லை. அவர்களைப் பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

முதற்கண் பெயர்களைப் பற்றி ஒரு சொல். 2018ஆம் ஆண்டின் இறுதியில் ராஸ் தீவு, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றாயிற்று. 2021 அக்டோபரில் ஹாரியட் மலை, மணிப்பூர் மலை ஆயிற்று. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் நகரமே ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றது. இடப்பெயரை மொழிபெயர்க்கலாகாது என்பது எங்கள் தொழிலில் முதற் பாடம். இங்கோ, ஒரு தாளை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மூலத்திலேயே பெயர் மாறிவிடுகிறது! பழைய நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்துப் பழைய பெயர்களையே ஆள்வோம். நேயர்கள் பொறுத்தருள வேண்டும். இத்தீவுக் கூட்டத்தில் தமிழனுக்கு முதலில் தெரிந்த பெயர் ஆங்கிலேயர் இட்டதுமன்று. இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற இடங்களைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் நக்கவாரம் என்ற பெயர் இருக்கிறது. இன்றைய நிக்கோபார்தான் அது.

ஆங்கிலேயர் இங்கு முதன்முதல் காலூன்றியது 1789இல். ஆர்ச்சிபால்டு பிளேயர் என்ற கடற்படை அதிகாரி, துறைமுகத்தினுள் இருக்கும் சாத்தம் என்ற சிறு தீவில் ஒரு குடியிருப்பை நிறுவினார். 1792இல் அதனை வட அந்தமானுக்கு மாற்றினார்கள். அங்கே நோய் மிகுந்து ஆட்கள் மடியவே 1796இல் முற்றிலும் கைவிட்டார்கள். பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இக்காட்டை வெளியார் எவரும் தொடவில்லை.

1857இல் சிப்பாய்களின் கிளர்ச்சி எழுந்தது. அதில் பிடிபட்டவர்களை எங்கே அடைப்பது என்ற கவலை கம்பெனி சர்க்காருக்கு உண்டாயிற்று. 1858 மார்ச் 10ஆம் தேதி டாக்டர் வாக்கர் என்பவர் 200 கைதிகளுடன் இத்துறைமுகத்தில் வந்திறங்கினார். அப்பொழுது இங்கே சிறைச்சாலை என்ற கட்டடமே இல்லை என்பதை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். இன்று எல்லாரும் காண வரும் கூண்டுச் சிறை கட்டத் தொடங்கியது 1896இல், முடிந்தது 1906இல். அதற்கு முந்திய நாற்பது ஆண்டுகளில் கைதிக்குச் சுவராக நின்றவை இரண்டு: கடல் ஒன்று, காடு மற்றொன்று.

அந்தச் சுவரை இடிப்பதே கைதிகளுக்கு இட்ட வேலை. காட்டின் ஈரக் காற்றினால்தான் சுரம் வருகிறது என்று அக்காலத்து மருத்துவர்கள் நம்பினார்கள். கொசுவின் மேல் எவருக்கும் ஐயமில்லை. ஆகவே முதலில் மரத்தை வெட்டு, பிறகு வழியை அமை என்பதே கட்டளை. ராஸ் தீவிலும் சாத்தத்திலும், பின்னர் எதிர்க்கரையிலுள்ள அபெர்தீனிலும் கோடரியும் அரிவாளுமாக அவர்கள் காட்டை அழித்தார்கள். காலில் விலங்கு, மேலே ஓயாத மழை, உடம்பெல்லாம் அட்டை. அவர்களிற் பலர் கங்கைச் சமவெளியில் உழுது பழகியவர்கள். நூறடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் மரங்களை அவர்கள் அதற்குமுன் கண்டிருக்கமாட்டார்கள்.

அவர்களிடையே ஒரு செய்தி பரவியது. இக்காட்டின் வழியே வடக்கு நோக்கிச் சில நாட்கள் நடந்தால் பர்மா அரசனின் நாட்டை அடையலாம் என்பது அச்செய்தி. நடுவே கடல் இருப்பதை அவர்கள் அறியவில்லை. பூகோளப் படத்தைக் கண்ணால் கண்டிராத அந்த ஏழைகள் கூட்டங்கூட்டமாகத் தப்பி, இல்லாத தரைவழியைத் தேடிக் காட்டுக்குள் புகுந்தனர். பசியால் மாண்டவர் பலர். அம்பு பட்டு வீழ்ந்தவர் பலர். திரும்பி வந்து சரணடைந்தவர்களையும் பிடிபட்டவர்களையும் வாக்கர் மன்னிக்கவில்லை. எண்பதுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். கல்கத்தாவிலிருந்த மேலதிகாரிகளே திகைத்து, இத்தண்டனையை இனி விதிக்கலாகாது என்று எழுத வேண்டியதாயிற்று.

இங்ஙனம் தப்பியவர்களில் துத்நாத் திவாரி என்ற சிப்பாய் ஒருவன். 1858 ஏப்ரலில் ராஸ் தீவிலிருந்து பெருங்கூட்டத்துடன் ஓடினான். தோழர்கள் கொல்லப்பட்டனர், காயமுற்ற அவனைமட்டும் காட்டு மக்கள் ஏனோ உயிரோடு விட்டுவிட்டார்கள். தலையை மழித்து, உடம்பில் களிமண் பூசி, ஆடையின்றி அவர்களுள் ஒருவனாக ஓராண்டுக்கும் சிறிது மேலாக வாழ்ந்தான். தங்கள் பெண்களில் இருவரை அவனுக்கு மணஞ்செய்து கொடுத்தார்கள். இக்காட்டின் உள்வழிகளில் அம்மக்களோடு நடந்த முதல் இந்தியன் என்று அவனைச் சொல்லலாம். அவ்வழிகள் வெட்டிய வழிகளல்ல. கால் படிந்து படிந்து உண்டானவை. கடலோரத்தில் வாழ்ந்தோர், உட்காட்டில் வாழ்ந்தோர் என்று அவர்களுக்குள் இரு பிரிவு உண்டு. அம்மக்களின் வாழ்க்கையை அருகிருந்து கண்டு வந்து சொன்னவன் துத்நாத்.

1859 மே மாதத்தில், அபெர்தீனைத் தாக்குவதற்காகக் காட்டு மக்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். தம் காடு நாளுக்கு நாள் சுருங்கி வருவதை அவர்கள் கண்டுகொண்டுதானே இருந்தார்கள்! துத்நாத் அவர்களைவிட்டு நழுவி ஓடிவந்து வாக்கரிடம் செய்தியைச் சொல்லிவிட்டான். வில்லுக்கும் துப்பாக்கிக்கும் நடந்த அப்போரின் முடிவு சொல்லாமலே விளங்கும். துத்நாத்துக்கு மன்னிப்புக் கிடைத்தது, ஊர் திரும்பினான். கருவுற்றிருந்த மனைவியைக் காட்டிலே விட்டுவிட்டுப் போனான். இவனைத் துரோகி என்பதா, தன் சக கைதிகளின் உயிரைக் காத்தவன் என்பதா? எங்களுக்குள் இதைப் பற்றி வாதம் எழாத ஞாயிற்றுக்கிழமை குறைவு. கருவுற்ற பெண்ணை நினைக்கும்போது எங்களுக்கு அவன்பால் இரக்கம் தோன்றுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

போர்ட் பிளேயரைச் சுற்றி வாழ்ந்த அம்மக்களின் பெயர் ஆக்கா-பியா. அவர்களும் வடக்கே வாழ்ந்த பிற குழுவினரும் சேர்ந்து பெரிய அந்தமானியர் எனப்பட்டனர். குடியிருப்பு ஏற்பட்டபோது அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். போர் அவர்களை அழிக்கவில்லை, பழக்கமே அழித்தது. 1863இல் அவர்களுக்கென்று ஏற்பட்ட இல்லத்தில் உணவும் உடையும் கொடுத்தார்கள். புகையிலையும் நோயும் உடன் வந்து சேர்ந்தன. மேகநோய் பரவியது. 1877இல் மணல்வாரி அம்மை காட்டுக்குள் புகுந்து ஊர் ஊராக வாரிக்கொண்டு போயிற்று. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 625 பேர். 1931இல் 90 பேர். 1961இல் 19 பேர். ஆக்கா-பியா மொழியைப் பேசுவதற்கு இன்று ஓர் உயிரும் இல்லை. எஞ்சிய பெரிய அந்தமானியரின் சந்ததியார் சிலர் ஸ்ட்ரெய்ட் தீவில் வைத்துப் பேணப்படுகிறார்கள். நகரை அடுத்த காடுகளில் நாங்கள் காணும் எந்த அறிவிப்புப் பலகையிலும் அம்மக்கள் தம் குன்றுகளுக்கு இட்டிருந்த பெயர்கள் இல்லை.

இனி, பாதைகளுக்கு வருவோம். நகரின் வடபுறத்தில், துறைமுகத்துக்கு அப்பால், பச்சைத் திரைபோல் எழுந்து நிற்பது ஹாரியட் மலை. உயரம் ஏறக்குறைய 1,200 அடி. முன்பு வழங்கிய செந்நிறமான 20 ரூபாய்த் தாளைப் புரட்டிப் பார்த்த நேயர்கள், தாம் அறியாமலே இம்மலைச் சாரலின் தென்னைகளையும் அதன் அடியிலுள்ள கலங்கரை விளக்கையும் கண்டவர்கள். சாத்தத்திலிருந்து படகேறி பாம்பூ ஃபிளாட் என்ற மூங்கில் திடலில் இறங்கி, ஹோப் டவுன் வழியாக ஏற வேண்டும். தார்ச்சாலை உச்சிவரை இருப்பதால் வண்டியிலேயே போய்விடுவோர் பலர். அது வண்டிக்காரருக்கு நன்மை, காலுக்கு நஷ்டம்.

இம்மலைக்குப் பெயரளித்த ஹாரியட் அம்மையார், 1862 முதல் 1864 வரை இக்குடியிருப்பின் தலைவராக இருந்த கர்னல் டைட்லரின் மனைவி. 1857இல் டெல்லியை ஆங்கிலப் படை முற்றுகையிட்டிருந்தபோது, குன்றின் மேல் ஒரு வண்டியிலே அவர் குழந்தை பெற்றார். முற்றுகை முடிந்தபின் கணவரும் அவருமாக டெல்லி, லக்னோ முதலிய இடங்களின் இடிபாடுகளைப் புகைப்படம் எடுத்தனர். விதியின் விளையாட்டைப் பாருங்கள்! டெல்லியில் அவர் எந்தக் கிளர்ச்சிக்காரர்களுக்கு அஞ்சி வண்டியில் கிடந்தாரோ, அந்தக் கிளர்ச்சியில் பிடிபட்டவர்களே ஐந்தாண்டு கழித்து அவர் பெயரைத் தாங்கிய மலையடிவாரத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தனர். பின்னாளில் தலைமைக் கமிஷனர்களின் கோடைக்கால மாளிகை உச்சியில் அமைந்தது. இப்பொழுது அதன் அடித்தளம்தான் மிச்சம்.

ஏற்றத்தில் நிழல் குறைவதேயில்லை. கடம்போ வேம்போ புளியோ என்று பழக்கத்தால் தேடும் கண்ணுக்கு முதலில் ஒன்றும் பிடிபடாது. பிறகு மெல்ல உறவு தெரியத் தொடங்கும். அந்தமானின் புகழ்பெற்ற படாக் மரம் வேறொன்றுமன்று. நம் மலைச்சாரல் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் உடன்பிறந்த இனம். அதன் அடிமரம் பலகைச் சுவர்கள்போலப் பக்கவாட்டில் விரிந்து ஊன்றி நிற்கும். திடு என்று இங்கே சொல்வது நம் இலவின் இனம். பபீதா என்றொரு மென்மரம்; அதைச் சீவித் தீக்குச்சியாக்குவதற்கென்றே ஹடோவில் ஒரு தொழிற்சாலை நெடுங்காலம் நடந்தது. குர்ஜன் மரம் தூண்போல் நேரே எழும்பிக் கிளை விடுவதற்குள் கழுத்து வலித்துவிடும்.

மரத்தைப் பற்றிப் பேசும்போது சாத்தம் மர அறுவை ஆலையைச் சொல்லாமல் செல்வது முறையன்று. வனத்துறை இங்கே தோன்றியது 1883இல், ஆலையும் அவ்வாண்டிலேயே. காட்டு வேலைக்கு யானைகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். கைதிகள் போதாமற் போகவே, 1918 முதல் சோட்டா நாகபுரியிலிருந்து கூலியாட்களைத் தருவித்தார்கள். அவர்கள் வழியினர் ராஞ்சிக்காரர் என்ற பொதுப் பெயரில் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். நாங்கள் நடக்கும் காட்டுத் தடங்களில் எத்தனையோ யானை மரம் இழுத்த தடங்களே. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் ஆலை நின்று, 1946இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. குண்டு விழுந்த குழியை அங்கே இன்றும் காட்டுகிறார்கள். சுதந்திரத்துக்குப் பின்னும் வெட்டு குறையவில்லை. கூடியது என்றே சொல்ல வேண்டும். 2002 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் இயற்கைக் காட்டு மரங்களை வணிகத்துக்காக வெட்டுவதற்குத் தடை விதித்த பின்னரே கோடரியின் ஓசை அடங்கிற்று.

உச்சியில் மேயோ பிரபுவின் கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். அதை நாமும் சுருக்கமாகச் சொல்வோம். ஏனெனில் அது ஒரு நடையின் கதை. 1872 பிப்ரவரி 8ஆம் தேதி, இந்தியாவின் வைசிராயான மேயோ பிரபு இக்குடியிருப்பைப் பார்வையிட்டார். திட்டப்படி அன்றைய வேலை முடிந்துவிட்டது. ஆயினும் பொழுது இன்னும் இருக்கிறதே, நோயாளிகள் தங்கி உடல் தேறுவதற்கு அம்மலை ஏற்றதா என்று பார்த்துவிடலாமே என்று அவர் புறப்பட்டார். மட்டக்குதிரை ஒன்று இருந்தது. சிறிது தூரம் ஏறிய பின் அதைக் கூட வந்த மற்றொருவருக்குக் கொடுத்துவிட்டுத் தாம் நடந்தே ஏறினார். உச்சியில் அமர்ந்து கதிரவன் மறைவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது இருட்டிவிட்டது, தீவட்டி பிடித்து வந்தார்கள்.

ஷேர் அலி என்பவன் கைபர்ப் பக்கத்தைச் சேர்ந்த பட்டாணியன். பெஷாவரில் கமிஷனரிடம் குதிரை ஏவலாளாக இருந்தவன். 1867இல் கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்று இங்கு வந்து, ஹோப் டவுனில் கைதிகளுக்கு நாவிதனாக இருந்தான். மேயோவின் வரலாற்றை எழுதிய ஹண்டர் சொல்வதன்படி, வைசிராய் மலையேறும்போதும் இறங்கும்போதும் சாலையோரக் காட்டு நிழலிலே அவனும் கூடவே வந்திருக்கிறான். காவலாளர் சாலையில் நடந்தனர். அவன் காட்டில் நடந்தான். வழி நெடுக வாய்ப்புக் கிட்டவில்லை. ஹோப் டவுன் படகுத்துறையில், படியிறங்குவதற்காக மேயோ மற்றவர்களைவிட ஓரடி முந்தியபோது பாய்ந்து முதுகில் குத்திவிட்டான். கப்பலைச் சேர்வதற்குள் உயிர் பிரிந்தது. பதவியிலிருக்கும்போதே கொலையுண்ட வைசிராய் அவர் ஒருவரே. ஷேர் அலி அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டான்.

இம்மலையில் இன்னொரு நினைவும் உண்டு. வழிகாட்டிகள் அதை அண்மைக் காலத்தில்தான் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். 1891இல் ஆங்கிலேயருக்கும் மணிப்பூருக்கும் போர் நடந்தது. இளவரசர் டிக்கேந்திரஜித் இம்பாலில் தூக்கிலிடப்பட்டார். மகாராஜா குலச்சந்திர சிங்கையும் அவரைச் சேர்ந்த 22 பேரையும் கப்பலேற்றி இம்மலையில் கொண்டுவந்து வைத்தார்கள். மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவர்களை மலையிலேயே வைத்தது கருணையா, பரிகாசமா என்பது நமக்கு விளங்கவில்லை. 2021இல் பெயர் மாறியது இவர்களை முன்னிட்டுத்தான். இதைக் கேட்கும்போது எங்களுக்கு நினைவு வருவது நம்மவர் கதை. மருது பாண்டியர் வீழ்ந்தபின், 1802இல் பாளையக்காரர் பக்கத்தைச் சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்டோரைப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். சின்ன மருதுவின் சிறுவயது மகன் துரைசாமியும் அவர்களுள் ஒருவன். அந்தமான் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழன் தீவாந்தரம் கண்டவன்.

உச்சியிலிருந்து காட்டுக்குள் ஒரு தடம் பிரிந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் ஓடிக் காலா பத்தர் என்ற இடத்தில் முடிகிறது. கரும்பாறை என்று பொருள். அப்பாறையிலிருந்து கைதிகளைப் பள்ளத்தில் தள்ளிவிடுவார்கள் என்றொரு கதை வழங்குகிறது. வாய்வழிக் கதையை அந்த அளவிலே வைத்துக்கொள்வோம். பொறுக்கு மணியான உண்மைகளே போதுமான அளவுக்குக் கொடியவையாக இருக்கும்போது, புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டிய அவசியம் இல்லை. தடம் சமதளமானது, எட்டு வயதுக் குழந்தையும் நடக்கும். பாறையருகில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நல்ல கால்பலம் உள்ளவர்கள் அங்கிருந்து மேலும் தொடர்ந்து மதுபன் கடற்கரையில் இறங்கலாம். மலையுச்சியிலிருந்து 16 கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறார்கள். அது எளிய நடை என்ற வகையில் சேராது. நாங்கள் ஒருமுறை சென்றோம். மறுநாள் அலுவலகத்தில் நாற்காலியைவிட்டு எழுந்தவர் ஒருவருமில்லை.

நகரின் தென்புறத்தில் மற்றொரு நடை இருக்கிறது. 25 கிலோமீட்டர் பஸ்ஸில் சென்றால் தென் அந்தமானின் கோடியான சிடியா டாப்பு. பறவைத் தீவு என்று பொருள். ஆனால் அது தீவன்று, தரையின் முனைதான். போகும் வழியிலும் சுற்றுப்புறத்திலும் மஞ்சேரி, காலிகட், வண்டூர் என்று மலையாள நாட்டு ஊர்ப்பெயர்கள் எதிர்ப்படும். 1921இல் மலபாரில் நடந்த மாப்பிள்ளைக் கலகத்தில் தண்டனை பெற்று வந்தவர்கள், தாம் பறிகொடுத்த ஊர்களின் பெயரைக் காட்டிலே நட்டு வைத்தார்கள். சொந்த ஊரின் பெயரைப் பிற மாநிலத்து வீட்டு வாசலில் எழுதி வைத்திருக்கும் நேயர்களுக்கு இந்த ஆசையை விளக்க வேண்டியதில்லை.

சிடியா டாப்புக் கடற்கரையிலிருந்து முண்டா பகாட் என்ற மொட்டைக் குன்றுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் ஒரு காட்டுவழி செல்கிறது. ஒருபுறம் மரங்களின் இடைவெளியில் கடல்; மறுபுறம் ஈரக்காடு. காலை ஏழு மணிக்குள் சென்றால் அந்தமானுக்கே உரிய பறவைகள் பலவற்றின் குரலைக் கேட்கலாம். நிறுத்தி நின்று கேட்க வேண்டும், காண்பது அரிது. குன்றின் முனையில் காடு திடீரென்று விலகி, புல் மட்டும் படர்ந்த வெளியும் கீழே பாறையில் மோதும் அலையும் தென்படும். வெயில் ஏறுவதற்குமுன் அங்கே கட்டுச்சோற்றைப் பிரித்தால் அதற்கு ஈடான விருந்து வேறில்லை.

கடற்கரையில் பட்டமரங்கள் பல, உப்புநீரில் நின்றபடியே வெளுத்துக் கிடக்கின்றன. 2004 டிசம்பர் 26ஆம் தேதி நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. முன்பு கரையாக இருந்த இடம் கடலுக்குள் போயிற்று. ஆழிப்பேரலை வந்து திரும்பிவிட்டது. தாழ்ந்த தரை திரும்பவில்லை. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் இன்றும் உப்புநீர் நிற்கிறது. இவ்விடத்தில் நீராட விரும்புவோர் முதலை எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு நீராடாமலே திரும்புவது நலம். அலங்காரத்துக்காக நட்ட பலகையன்று அது.

புள்ளிமானைக் கண்டு பிள்ளைகள் துள்ளுவார்கள். ஆங்கிலேயர் வேட்டைக்காகவும் அழகுக்காகவும் கொண்டுவந்து விட்ட மான்கள் அவை. அடித்துத் தின்ன விலங்கொன்றும் இல்லாததால் பெருகிவிட்டன. நீந்தியே தீவுக்குத் தீவு செல்கின்றன. மரக்கன்று தலைதூக்கியவுடன் கடித்துவிடுவதால் பல இடங்களில் காடு கிழமாகவே நிற்கிறது, இளமரம் இல்லை.

நடக்கக் கூடாத காடு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தென் அந்தமானின் மேற்கிலும் மத்திய அந்தமானிலும் உள்ள ஜாரவா மக்களின் காடு, 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ் ஒதுக்கப்பட்டது. வடக்கே செல்லும் பெருஞ்சாலை அதன் ஊடே போகிறது. குறித்த நேரங்களில் வண்டிகள் வரிசையாக, காவலுடன் கடந்து செல்லலாம். இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பிஸ்கோத்துப் பொட்டலத்தை நீட்டவும் கூடாது. தமிழகத்திலிருந்து வரும் விருந்தினர் சிலர், தூரத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டால் என்ன குற்றம் என்று எங்களிடம் மன்றாடுவதுண்டு. 1877ஆம் ஆண்டின் அம்மையைப் பற்றி மேலே சொன்னோமே, அதையே அவர்களுக்கும் சொல்வோம். பலர் வாயடைத்துவிடுவார்கள். சிலர் எங்கள்மேல் வருத்தத்தோடு ஊர் திரும்பியதும் உண்டு.

நடைக்கு ஏற்ற காலம் டிசம்பர் முடிய மழை ஓய்ந்தபின் ஏப்ரல்வரை. மற்ற மாதங்களில் தரை வழுக்கும், அட்டை தொற்றும். காலுறைக்குமேல் உப்பும் புகையிலைப் பொடியும் கலந்து தேய்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது கடிகாரம். நம் நாட்டுக்குப் பொதுவான மணி, அலகாபாத்துக்கு அருகே ஓடும் தீர்க்கரேகையை ஒட்டியது. இத்தீவுகளோ அதற்குப் பத்துப் பாகை கிழக்கே உள்ளன. ஆகவே கதிரவன் நாற்பது நிமிடம் முந்தி உதித்து முந்தி மறைகிறான். டிசம்பரில் மாலை ஐந்து மணி அளவிலேயே அந்தி.

இதை நன்றாக அறிந்திருந்தும் ஒருமுறை ஏமாந்தோம். நாலைந்து குடும்பமாக ஹாரியட் மலையேறியிருந்தோம். அன்று வானம் வெகு தெளிவு. ஹேவ்லாக் தீவுவரை தெரிந்தது. இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று பிள்ளைகள் கெஞ்ச, பெரியவர்களும் அதையே விரும்ப, எழுந்தபோது மேற்கில் சிவப்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. பாதி வழியில் ஒரு அம்மையாரின் செருப்பு அறுந்தது. கையில் இருந்த விளக்குகள் இரண்டு. சில்வண்டு ஓசையைத் தவிர வேறு ஒலியில்லை. அதுவரை மேயோவின் கதையைச் சுவையோடு சொல்லிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார். சாலையோர இருளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். அங்கே ஷேர் அலி மட்டுமா நடந்தான்? விலங்கோடு இச்சாலையை வெட்டியவர்கள், பர்மா எந்தப் பக்கம் என்று நின்று யோசித்தவர்கள், அவர்களுக்கும் முன்னே ஓசையின்றி இக்காட்டைக் கடந்து சென்றவர்கள், எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள். சிறு பையன் ஒருவன் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, "அவங்க வீடு எங்கேப்பா இருந்தது?" என்று கேட்டான். "இங்கேதான்" என்றார் அவர்.

ஹோப் டவுனைக் கடந்து மூங்கில் திடல் துறைக்கு வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெற்றிலைக் கடையருகே இருவர் தமிழில் மீன் விலையைப் பற்றிச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த படகு எப்பொழுது என்று விசாரித்தோம். பத்து நிமிடம் என்றார்கள்.